ஈறோரம் ஊறும் சேதி

உங்கள் வகுப்பில் யாராவது பல்லுக்குக் கிளிப் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு பல்லிலும் ஒரு சின்னச் சதுரம் ஒட்டியிருக்கும். அத்தனை சதுரங்களையும் கோத்துக்கொண்டு ஒரு கம்பி ஓடும். ஒன்றரை வருடமோ இரண்டு வருடமோ கழித்து அதைக் கழற்றும்போது, துருத்திக்கொண்டிருந்த முன்பல் உள்ளே போயிருக்கும். சிங்கப்பல் இறங்கி வரிசைக்கு வந்திருக்கும்.

பார்த்துப் பழகிவிட்டதால் இதிலுள்ள அதிசயம் நம் கண்ணில் படுவதில்லை. பல்லின் வேர் புதைந்திருப்பது தாடை எலும்புக்குள். அது கெட்டியான எலும்பு. அதற்குள் ஒரு பல் எப்படி நகர்ந்து போக முடியும்? எலும்பைக் கிழித்துக்கொண்டு போனால் பின்னால் ஒரு பள்ளம் விழுந்திருக்க வேண்டுமே! அப்படி எதுவும் விழவில்லை. பல் பழைய இடத்தில் எவ்வளவு உறுதியாக நின்றதோ அதே உறுதியோடு புது இடத்திலும் நிற்கிறது. அப்படியானால் பல் மட்டும் நகரவில்லை, அது நின்ற குழியும் சேர்ந்தே நகர்ந்திருக்கிறது.

எலும்பில் இருக்கும் குழி நகருமா? நகரும். எலும்பு உயிருள்ளது என்பதால் நகரும். அந்த வேலை எப்படி நடக்கிறது, எலும்பைத் திறந்து பார்க்காமலே அதை நாம் எப்படித் தெரிந்துகொள்கிறோம் என்பதைத்தான் இந்த இதழில் பேசப்போகிறோம்.

முதலில் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். வேருக்கும் குழியின் சுவருக்கும் இடையே ஒரு குறுகலான இடைவெளி உண்டு. அதன் அகலம் சுமார் 0.2 மில்லிமீட்டர்தான். அந்த இடைவெளி முழுக்க நார்கள். ஒவ்வொரு நாரின் ஒரு முனையும் வேரில் பதிந்திருக்கும், மறுமுனை எலும்பில் பதிந்திருக்கும். நீங்கள் முறுக்கைக் கடிக்கும்போது பல் நேராக எலும்பில் போய் இடிக்காமல் இந்த நார்கள்தான் தாங்குகின்றன. நார்களுக்கு நடுவே ரத்தக் குழாய்களும் நரம்புகளும் பல வகைச் செல்களும் இருக்கின்றன. சோற்றில் ஒரு பொடிக்கல் கிடந்தால் பல் உடனே கண்டுபிடித்துவிடுகிறது அல்லவா? அந்த உணர்வைத் தருவதில் இந்த நாரிலுள்ள நரம்புகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஓணானுக்கு இப்படிப்பட்ட நார் கிடையாது. அதன் பற்கள் நேரடியாகத் தாடை எலும்போடு ஒட்டியிருக்கும். ஓணானுக்குக் கிளிப் போட்டால் ஒரு பல்லும் நகராது! வேடிக்கைக்காகச் சொல்லவில்லை, மனிதர்களிடமும் இதற்குச் சான்று இருக்கிறது. பல் விழுந்த இடத்தில் டைட்டானியம் உலோகத் திருகைப் பதித்து அதன்மேல் செயற்கைப் பல் வைப்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஸ்வீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரோனெமார்க் 1965-இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு அப்படிப் பதித்தார். டைட்டானியத்தோடு எலும்பு நேரடியாக ஒட்டிக்கொள்கிறது, நடுவே நார் இல்லை. அந்தப் பல்லை எத்தனை மாதம் கம்பி போட்டு இழுத்தாலும் அது இருந்த இடத்திலேயே இருக்கும். ஆகவே பல்லை நகர்த்தும் ரகசியம் அந்த 0.2 மில்லிமீட்டருக்குள்தான் ஒளிந்திருக்கிறது.

பல்லை நகர்த்தலாம் என்பது மனிதருக்கு மிகப் பழைய காலத்திலேயே தெரிந்துவிட்டது. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் ரோமில் செல்சஸ் என்பவர் மருத்துவம் பற்றி ஒரு நூல் எழுதினார். பால் பல் விழுவதற்குள் புதுப் பல் முளைத்துவிட்டால் பால் பல்லை எடுத்துவிட வேண்டும், பிறகு புதுப் பல்லைத் தினமும் விரலால் அதன் இடத்தை நோக்கி அழுத்திவர வேண்டும் என்று அதில் சொல்லியிருக்கிறார். பிரான்ஸில் பியேர் ஃபோஷார் 1728-இல் எழுதிய பல் மருத்துவ நூலில், வளைந்த உலோகப் பட்டையில் பற்களை நூலால் கட்டி இழுக்கும் முறை இருக்கிறது. நகர்த்தத் தெரிந்திருந்தது, ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்பது தெரியாது. எலும்பு வளைந்துகொடுக்கிறது என்றார்கள் சிலர். கரைந்து மறுபடி உருவாகிறது என்றார்கள் வேறு சிலர். பார்க்க வழியில்லாததால் வாதம் முடியவில்லை.

பார்த்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல் சான்ட்ஸ்டெட். அவர் நாய்களின் முன்பற்களுக்குக் கம்பி போட்டு மூன்று வாரம் போல அழுத்தம் கொடுத்தார். பிறகு பல்லையும் எலும்பையும் மெல்லிய சீவல்களாக வெட்டி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். அவருடைய கட்டுரைகள் 1904-இலும் 1905-இலும் வெளிவந்தன. பல் எந்தப் பக்கம் தள்ளப்பட்டதோ அந்தப் பக்கத்து எலும்புச் சுவரில் சின்னச் சின்னக் குழிகள் விழுந்திருந்தன. குழிகளில் பெரிய செல்கள் உட்கார்ந்திருந்தன, ஒவ்வொன்றிலும் பல உட்கருக்கள். எதிர்ப்பக்கத்தில், நார்கள் இழுபட்ட சுவரில், புத்தம் புது எலும்பு படிந்திருந்தது.

ஆறு தன் பாதையை மாற்றிக்கொள்வதைப் பற்றிப் புவியியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். வளைவில் ஒரு கரையை அரித்துக்கொண்டே போகும், எதிர்க்கரையில் வண்டலைப் படிய வைக்கும். ஆற்றின் அகலம் ஏறத்தாழ அப்படியே இருக்கும், ஆனால் ஆறு இடம் மாறியிருக்கும். பல்லின் குழியும் அப்படித்தான் நகர்கிறது. முன்பக்கம் கரைகிறது, பின்பக்கம் படிகிறது. வேகம் சுமாராக மாதத்துக்கு 1 மில்லிமீட்டர். ஒரு நாளைக்கு என்று பார்த்தால் மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்கு.

சான்ட்ஸ்டெட் இன்னொன்றையும் கவனித்தார். அழுத்தம் அதிகமான இடத்தில் நார் நசுங்கி, செல்களே இல்லாமல், கண்ணாடி போலத் தெரிந்தது. அங்கே ரத்த ஓட்டம் நின்று திசு செத்துப்போயிருந்தது. 1932-இல் ஆஸ்திரியாவைச் சேர்ந்த மார்ட்டின் ஷ்வார்ஸ் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார். நாரிலுள்ள நுண்ணிய ரத்தக் குழாய்களுக்குள் இருக்கும் அழுத்தத்தை நாம் கொடுக்கும் அழுத்தம் தாண்டக் கூடாது என்றார். அவர் சொன்ன அளவு, சதுர சென்டிமீட்டருக்கு 20 முதல் 26 கிராம். எவ்வளவு குறைவு பாருங்கள்! வலிமையாக இழுத்தால் பல் வேகமாக நகரும் என்று நமக்குத் தோன்றும். நடப்பது நேர்மாறு. திசு செத்த இடத்தில் எலும்பு கரைக்கும் செல்களும் இருக்காது. அவை பக்கத்திலிருந்தும் எலும்பின் உள்பக்கத்திலிருந்தும் சுற்றி வந்து, செத்த பகுதியை அகற்றி முடிக்கும்வரை பல் அசையாமல் நிற்கும். இது இரண்டு, மூன்று வாரம்கூட ஆகலாம். கிளிப் போட்டவர்களை டாக்டர் வாரா வாரம் வரச் சொல்லாமல், நாலு வாரமோ ஆறு வாரமோ கழித்து வரச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்றைக்குத் தொடக்கத்தில் போடும் கம்பிகள் பெரும்பாலும் நிக்கலும் டைட்டானியமும் கலந்தவை. நன்றாக வளைத்தாலும் பழைய வடிவத்துக்கு மெதுவாகத் திரும்பிவரும் உலோகம் அது. அமெரிக்கக் கடற்படையின் ஆய்வகம் ஒன்றில் உருவானது, பின்னர் பல் மருத்துவத்துக்கு வந்தது. மென்மையான விசையை நீண்ட நாள் விடாமல் கொடுக்க அது நன்றாகப் பயன்படுகிறது.

சரி, எலும்பைக் கரைக்கிற அந்தப் பெரிய செல்கள் யார்?

அவற்றுக்கு ஆஸ்டியோகிளாஸ்ட் என்று பெயர். நாம் எலும்பு கரைக்கும் செல் என்றே சொல்லிக்கொள்வோம். எலும்பு மஜ்ஜையில் பிறந்து ரத்தத்தில் வரும் ஒரு வகை வெள்ளணுக்கள் பல ஒன்றுசேர்ந்து ஒரே பெரிய செல்லாகின்றன. அதனால்தான் ஒரு செல்லுக்குள் பல உட்கருக்கள். இந்தச் செல் எலும்பின்மேல் படிந்து, சுற்றிலும் ஒட்டிக்கொண்டு, அடியில் ஒரு சின்ன அறையை உண்டாக்குகிறது. அந்த அறைக்குள் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சுரக்கிறது. உங்கள் இரைப்பையில் சோற்றைச் செரிக்க உதவும் அதே அமிலம்தான். அமிலம் எலும்பின் சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கிறது. மிச்சமிருக்கும் புரத நார்களைக் கேத்தெப்சின் கே என்ற நொதி துண்டாக்குகிறது.

இவற்றின் நெருங்கிய உறவுக்காரர்களை நீங்கள் நேரில் பார்க்காவிட்டாலும் அவர்கள் செய்த வேலையைக் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறீர்கள். உங்கள் பால் பல் விழுந்தபோது அதற்கு நீளமான வேர் இருந்ததா? இருந்திருக்காது. அடியில் ஏதோ அரித்துவிட்டது போல மொட்டையாக இருந்திருக்கும். முன்பு அதற்கு முழு வேர் இருந்தது. அடியிலிருந்து புதுப் பல் வர வர, இதே வகைச் செல்கள் அந்த வேரைக் கரைத்துவிட்டன.

எலும்பு கட்டும் செல்களுக்கு ஆஸ்டியோபிளாஸ்ட் என்று பெயர். இவை முதலில் புரத நார்களைச் சுரந்து, பிறகு அவற்றில் கால்சியம் பாஸ்பேட் படிவதற்கு வழிசெய்கின்றன. கரைப்பது வேகமான வேலை, கட்டுவது மெதுவான வேலை. ஒரு சின்ன இடத்தில் எலும்பைக் கரைத்து முடிக்கச் சில வாரங்கள் போதும். அதே இடத்தில் எலும்பு மறுபடி நிறையச் சில மாதங்கள் ஆகும். கட்டி முடித்த செல்களில் சில, தாங்கள் கட்டிய எலும்புக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. அவை எலும்புச் செல்கள். நம் எலும்புகளில் உள்ள செல்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் இவைதான். நுண்ணிய கால்வாய்கள் வழியாகக் கைநீட்டி ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். எலும்பு சற்றே அழுந்தினாலும் அந்தக் கால்வாய்களிலுள்ள திரவம் நகர்கிறது. அதை இந்தச் செல்கள் உணர்ந்துகொள்கின்றன.

இந்தக் கரைத்தலும் கட்டுதலும் கிளிப் போட்டவர்களுக்கு மட்டும் நடப்பதில்லை. உங்கள் தொடை எலும்பிலும் முதுகெலும்பிலும் இந்த நிமிடமே நடந்துகொண்டிருக்கிறது. பெரியவர்களின் எலும்புக்கூட்டில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஒவ்வோர் ஆண்டும் புதிதாகிறது. கிளிப்பின் கம்பி ஒரு புதிய வேலையை உண்டாக்கவில்லை. ஏற்கெனவே நடக்கும் வேலை எந்த இடத்தில் நடக்க வேண்டும் என்பதை மாற்றுகிறது.

எங்கே கரைக்க வேண்டும் என்று கரைக்கும் செல்லுக்கு யார் சொல்கிறார்கள்? எலும்பு அறிவியலிலேயே எனக்கு மிகவும் பிடித்த கதை இது. கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

1981-இல் கிதியோன் ரோடன், ஜாக் மார்ட்டின் என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஒரு விசித்திரத்தைச் சுட்டிக்காட்டினார்கள். எலும்பைக் கரைக்கத் தூண்டும் ஹார்மோன்கள் ரத்தத்தில் வருகின்றன. ஆனால் அவற்றை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள், கட்டும் செல்களின்மேல் இருக்கின்றன! அப்படியென்றால் ஹார்மோன் சொல்வது கட்டும் செல்லிடம். கட்டும் செல்தான் ஏதோ ஒரு வகையில் கரைக்கும் செல்லை வேலைக்கு அழைக்கிறது. இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவர்கள் ஊகித்தார்கள். அந்த அழைப்பு என்ன பொருள் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

ஜப்பானில் தட்சுவோ சூடாவின் குழுவினர் 1988-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கரைக்கும் செல்லாக மாறக்கூடிய இளம் செல்களையும் கட்டும் செல்களையும் ஒரே தட்டில் சேர்த்து வளர்த்தால், கரைக்கும் செல்கள் உருவாயின. நடுவே ஒரு மெல்லிய வடிதாளை வைத்துப் பிரித்தால் உருவாகவில்லை. ஒன்றையொன்று தொட வேண்டும் என்பது அதிலிருந்து தெரிந்தது. ஆகவே அழைக்கும் பொருள் கட்டும் செல்லின் மேற்பரப்பிலேயே ஒட்டியிருக்க வேண்டும்.

1997-இல் இரண்டு குழுக்கள் ஒரே புரதத்தில் தனித்தனியாக வந்து முட்டிக்கொண்டன. ஒன்று அமெரிக்காவின் ஆம்ஜென் நிறுவனம். புதிதாகக் கண்டுபிடித்த ஒரு புரதத்தை எலிகளின் உடலில் அதிகமாகச் சுரக்கவைத்துப் பார்த்தார்கள். அந்த எலிகளின் எலும்புகள் வழக்கத்தைவிட மிக அடர்த்தியாகிவிட்டன. கரைப்பதற்குப் போதுமான செல்கள் உருவாகவில்லை. மற்றொன்று ஜப்பானின் ஸ்நோ பிராண்ட். அது பால் பொருட்கள் விற்கும் நிறுவனம்! அதன் ஆய்வகத்தில், கரைக்கும் செல்கள் உருவாவதைத் தடுக்கும் ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். இரண்டும் ஒன்றே என்று பிறகு தெரிந்தது. அதன் பெயர் ஆஸ்டியோபுரோடெஜரின், சுருக்கமாக ஓபிஜி.

ஓபிஜி எதைப் பிடித்துத் தடுக்கிறது என்று தேடினால், தேடிக்கொண்டிருந்த அழைப்புப் பொருளே கிடைத்துவிடும் அல்லவா? 1998-இல் இரு குழுக்களும் அதைச் செய்தன. கிடைத்த புரதத்தை இன்று ரேங்க்-எல் என்கிறோம். இளம் செல்லின்மேல் ரேங்க் என்ற ஏற்பி இருக்கிறது. கட்டும் செல்லின் ரேங்க்-எல் அதில் போய்ப் பொருந்தினால், இளம் செல் கரைக்கும் செல்லாக மாறும். ஓபிஜி குறுக்கே வந்து ரேங்க்-எல்லைப் பிடித்துக்கொண்டால் மாற்றம் நடக்காது. ஓர் இடத்தில் எலும்பு கரையுமா கரையாதா என்பது, அங்கே ரேங்க்-எல் அதிகமா ஓபிஜி அதிகமா என்பதைப் பெரிதும் பொறுத்தது.

இந்தக் கண்டுபிடிப்பு பாட்டிகளுக்கும் உதவியது. வயதானவர்களின் எலும்பு தேய்ந்து எளிதில் முறியும் நோய்க்கு, ரேங்க்-எல்லைப் பிடித்துத் தடுக்கும் டெனோசுமாப் என்ற ஊசி மருந்து 2010-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி அது.

இப்போது பல்லுக்குத் திரும்புவோம். கம்பி தள்ளுகிறது. ஒரு பக்கத்து நார் நசுங்குகிறது, அங்கே ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, ஆக்சிஜன் குறைகிறது. நாரிலுள்ள செல்கள் உடனே சில வேதிப்பொருட்களைச் சுரக்கின்றன. இன்டர்லூகின்-1 பீட்டா, புரோஸ்டாகிளாண்டின் ஆகியவை அவற்றில் முக்கியமானவை. காயம் பட்ட இடத்தில் சிவந்து வீங்கக் காரணமானவற்றில் இவையும் உண்டு. கிளிப்பை டைட் பண்ணிய மறுநாள் பல் வலிப்பதற்கு இவையும் காரணம். இவற்றின் தூண்டுதலால் ரேங்க்-எல் கூடுகிறது, கரைக்கும் செல்கள் உருவாகின்றன.

இதெல்லாம் நாய், எலி இவற்றின் எலும்பை வெட்டிப் பார்த்தும், தட்டில் செல்களை வளர்த்தும் தெரிந்துகொண்டவை. உங்கள் வகுப்புத் தோழியின் தாடைக்குள் இதே கதை நடக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? எலும்பை வெட்டிப் பார்க்க முடியாது. எக்ஸ்-ரேயில் எலும்பின் வடிவம் தெரியும், செல்கள் செய்யும் வேலை தெரியாது. எலும்பில் நிறைய மாற்றம் நடந்து முடிந்த பிறகே படத்தில் வேறுபாடு காட்டும். இங்கேதான் நம் தலைப்பிலுள்ள ஈறோரம் வருகிறது.

பல்லைச் சுற்றி ஈறு விளிம்பில் ஒரு நுண்ணிய பள்ளம் இருக்கிறது. ஈறு நலமாக இருப்பவர்களுக்கு அதன் ஆழம் 1 முதல் 3 மில்லிமீட்டர். அந்தப் பள்ளத்தில் எப்போதும் கொஞ்சம் திரவம் ஊறிக்கொண்டிருக்கும். எச்சில் வேறு, இது வேறு. ஈற்றுத் திசுவின் ரத்தக் குழாய்களிலிருந்து கசிந்து, திசுக்களின் வழியே வெளியே வருவது இது. வரும் வழியில், கீழே நாரிலும் எலும்பிலும் செல்கள் சுரந்த பொருட்களில் கொஞ்சத்தை ஏந்திக்கொண்டு வருகிறது. அந்தப் பொருட்களை அடையாளப் பொருட்கள் என்று சொல்லலாம். எலும்பில் என்ன வேலை நடக்கிறது என்பதற்கு அவை அடையாளம்.

எடுக்கும் முறை எளிமையானது. பல்லின் வெளிப்புறத்தை எச்சில் படாமல் பஞ்சால் துடைத்துக் காயவிடுகிறார்கள். மெல்லிய காகிதப் பட்டை ஒன்றை அந்தப் பள்ளத்தின் வாயில் மெதுவாகச் செருகி அரை நிமிடம் போல வைக்கிறார்கள். ஊசி இல்லை, வலியும் இல்லை. காகிதம் உறிஞ்சுவது ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. ரத்தம் பட்டிருந்தால் அந்தப் பட்டையைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

இவ்வளவு சொற்பமான திரவத்தில் ஒரு குறிப்பிட்ட புரதம் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதற்கு எலைசா என்ற முறை பயன்படுகிறது. ஸ்வீடனில் ஈவா எங்வாலும் பீட்டர் பெர்ல்மானும் 1971-இல் வெளியிட்ட முறை. டெங்கு வந்திருக்கிறதா என்று ரத்தத்தில் பார்க்கவும் இதைப் பயன்படுத்துகிறார்கள். பிளாஸ்டிக் தட்டிலுள்ள சின்னக் குழிகளில், நாம் தேடும் புரதத்தை மட்டுமே பிடிக்கும் எதிர்ப்பொருளை முதலில் ஒட்டவைக்கிறார்கள். திரவத்தைச் சேர்க்கிறார்கள். புரதம் இருந்தால் மாட்டிக்கொள்ளும். பிறகு ஒரு நொதியைச் சுமந்த இன்னோர் எதிர்ப்பொருளைச் சேர்த்து, மாட்டிய புரதத்தின்மேல் ஒட்டவிடுகிறார்கள். கடைசியாக, அந்த நொதி பட்டால் நிறம் மாறும் திரவத்தை ஊற்றுகிறார்கள். நிறம் எவ்வளவு அழுத்தமாக வருகிறதோ அவ்வளவு புரதம் இருக்கிறது.

இந்த ஆய்வுகளில் ஒரு அழகான ஏற்பாடு உண்டு. ஒருவருடைய வாயில் ஒரு பக்கத்துக் கோரைப் பல்லை மட்டும் இழுக்கிறார்கள். மறுபக்கத்துக் கோரைப் பல்லை அப்போதைக்கு இழுக்காமல் விடுகிறார்கள். இரண்டு பற்களும் ஒரே ஆளுடையவை, ஒரே சாப்பாடு, ஒரே தூக்கம், ஒரே மருந்து. ஆகவே இரண்டு பல்லோரத் திரவத்துக்கும் வேறுபாடு இருந்தால் அதற்குக் காரணம் கம்பியின் விசைதான் என்று துணிந்து சொல்லலாம். நல்ல சோதனை எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

என்ன தெரிந்தது? ஜப்பானில் 1996-இல் வெளிவந்த ஆய்வில், இழுக்கத் தொடங்கி 24 மணி நேரத்தில் இன்டர்லூகின்-1 பீட்டாவும் அதன் கூட்டாளிகள் சிலவும் இழுக்கப்பட்ட பல்லின் ஓரத்தில் கூடியிருந்தன. மறுபக்கத்துப் பல்லோரத்தில் அப்படிக் கூடவில்லை. ஜப்பானில் 2006-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், 24 மணி நேரத்தில் ரேங்க்-எல் கூடியும் ஓபிஜி குறைந்தும் இருந்தன. எலியிலும் தட்டிலும் படித்த அதே கதை மனிதர்களின் ஈறோரத்திலும் எழுதப்பட்டிருக்கிறது! இத்தாலியில் 2002-இல் வந்த ஆய்வு எலும்பு கட்டும் வேலையைக் கவனித்தது. கட்டும் செல்கள் சுறுசுறுப்பாக இருக்கும்போது கார பாஸ்படேஸ் என்ற நொதி கூடும். நகர்ந்துகொண்டிருந்த பல்லில், நார் இழுபடும் பக்கத்தில் அந்த நொதி அதிகமாகவும், நசுங்கும் பக்கத்தில் அதைவிடக் குறைவாகவும் இருந்தது. சான்ட்ஸ்டெட் சீவல்களில் கண்ட இரண்டு பக்கங்கள், நூறு ஆண்டு கழித்து, ஒரு காகிதப் பட்டையில் தெரிந்தன.

வயதும் இதில் தெரிகிறது. பதின்வயதினரையும் பெரியவர்களையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வில், பெரியவர்களுக்கு ஓபிஜியோடு ஒப்பிடும்போது ரேங்க்-எல் குறைவாக இருந்தது, பல் நகர்ந்த தூரமும் குறைவாக இருந்தது. உங்கள் வயதில் பல் கொஞ்சம் சுலபமாக நகர்வதற்குப் பின்னே இதுவும் இருக்கலாம்.

எனக்கு மிகவும் பயனுள்ளதாகப் படுவது இன்னொரு வகை அடையாளம். பல்லை நகர்த்தும்போது சிலருக்கு எலும்போடு வேரின் நுனியும் சற்றுக் கரைந்துவிடும். பெரும்பாலும் அது மிகக் கொஞ்சம்தான், பல்லுக்கு ஆபத்தில்லை. அரிதாகச் சிலருக்கு அதிகமாகக் கரையும். எக்ஸ்-ரேயில் தெரியும்போது வேர் குறைந்து முடிந்திருக்கும். பல்லின் உள்பகுதியான டென்டினில் மட்டுமே மிகுதியாக இருக்கும் சில புரதங்கள் உண்டு. அவை ஈறோரத் திரவத்தில் கூடினால் வேர் கரைகிறது என்று முன்கூட்டியே சந்தேகிக்கலாம். இது நம்பகமான சோதனையாக வளர்ந்தால், கம்பியின் விசையைச் சரியான நேரத்தில் குறைக்க டாக்டருக்கு உதவும்.

ஆனால் நீங்கள் போகும் பல் மருத்துவமனையில் இந்தச் சோதனை இருக்காது. இன்றைக்கும் இது பெரும்பாலும் ஆய்வகங்களில்தான் நடக்கிறது. காரணங்கள் உண்டு. பல் துலக்காமல் ஈறு வீங்கினால்கூட இன்டர்லூகின்-1 பீட்டா கூடிவிடும். கம்பியால் கூடியதா, அழுக்கால் கூடியதா என்று பிரித்தறிய முடியாது. ஆளுக்கு ஆள் அளவும் மாறுகிறது. ஆய்வுகள் பலவும் பத்து, இருபது பேரை மட்டுமே வைத்துச் செய்யப்பட்டவை. இத்தனை இருந்தால் சரி, இத்தனை இருந்தால் தவறு என்று ஒரே அளவுகோலை யாராலும் இன்னும் வரைய முடியவில்லை. எலும்பு பேசுவது கேட்கிறது, ஆனால் ஒவ்வொரு சொல்லும் இன்னும் புரியவில்லை என்பதே நேர்மையான நிலவரம்.

கிளிப் போட்டிருப்பவர்களுக்கு இந்த அறிவியலிலிருந்து மூன்று வார்த்தை சொல்லிவிடுகிறேன். வலிக்கிறதே என்று வீட்டில் கிடக்கும் மாத்திரையை நீங்களாக எடுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். சில வலி மாத்திரைகள் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதையே தடுப்பவை. தொடர்ந்து எடுத்தால் பல் நகர்வதும் மந்தமாகலாம் என்று விலங்குகளில் செய்த சோதனைகள் காட்டுகின்றன. டாக்டரிடம் கேட்டு, அவர் சொல்வதை மட்டும் எடுங்கள். கம்பியைச் சுற்றித் தேங்கும் உணவைக் காலையிலும் இரவிலும் பொறுமையாகத் துலக்கி எடுங்கள். வீங்கிய ஈறு இருக்கும் இடத்தில் எலும்பு தேவையில்லாமல் கரையக்கூடும்.

மூன்றாவதுதான் பலரும் கோட்டை விடுவது. கம்பியைக் கழற்றிய அன்றைக்கு வேலை முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். புதுக் குழியைச் சுற்றி எலும்பு இன்னும் கெட்டிப்பட்டுக்கொண்டிருக்கும். பல்லைப் பிடித்திருக்கும் நார்கள் புது நிலைக்கு ஏற்ப மாற மூன்று, நான்கு மாதம் ஆகும். ஈற்றிலுள்ள மீள்தன்மை கொண்ட நார்களுக்கு ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகும். அதுவரை அவை பல்லைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். அதற்காகத்தான் டாக்டர் ரிடெய்னர் தருகிறார். அது டிபன் பாக்ஸுக்குள்ளோ மேசை இழுப்பறைக்குள்ளோ கிடந்தால் பல் திரும்பிப் போய்விடும். அவர் எத்தனை மணி நேரம், எத்தனை மாதம் போடச் சொன்னாரோ அத்தனையும் தவறாமல் போடுங்கள்.